நாசரேத் வீட்டுக் குழு: ‘ஆமென்’ போட்ட பிறகு எப்படி ஜெபிப்பது?

செவ்வாய்க்கிழமை

சாயர்புரம் அத்தை, காலை 5:50
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இன்றைய வசனம் ஷார்ஜா மருமகனுக்காக. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” எரேமியா 29:11.

பாளை அம்மா, 5:58
ஆமென் 🙏

சாயர்புரம் மாமா, 6:05
ஆமென்

நான், 6:30
ஆமென் அத்தை

ஷார்ஜா தம்பி, 7:40
ஆமென். நன்றி அத்தை. பெரியம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பிரிவை இந்த மாதத்தோடு மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து நிறைய பேர் எனக்கு இந்த வசனத்தைத்தான் அனுப்புகிறார்கள். நானும் ஆமென் போடுகிறேன். ஆனால் ராத்திரி தனியாக முழங்கால் போட்டால் ‘ஆண்டவரே, வேலை தாரும்’ என்ற ஒரு வரிக்கு மேல் வரவில்லை. வசனத்தை வைத்து ஜெபி என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது?

பெரியம்மா, 7:46
நல்ல கேள்வி ஐயா. ஆச்சிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருகிறேன். அதற்குள் எரேமியா 29ஐ முதல் வசனத்திலிருந்து 14 வரை வாய்விட்டு வாசித்து வை. 11ஐ மட்டும் எடுக்காதே.

பெரியம்மா, 8:35
வாசித்தாயா? அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பியது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று ஆறுதல் சொல்லுகிற தீர்க்கதரிசிகள் அப்போது இருந்தார்கள். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. 10ஆம் வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது, பார். கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனையோ பேர் அந்த மண்ணிலேயே கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்குத்தான் கர்த்தர் ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்றார். அதனால் இந்த வசனத்தைச் சொல்லி, அடுத்த வாரமே வேலை வந்தாக வேண்டும் என்று அவரைக் கட்டிப்போட முடியாது.

ஆனால் அந்தக் கடிதத்தில் நீ இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 7ஆம் வசனம். “நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதின் சமாதானத்திலே உங்களுக்குச் சமாதானமிருக்கும்.” நீ சிறைப்பட்டுப் போகவில்லை, பிழைக்கப் போயிருக்கிறாய். சரி. ஆனால் உனக்கு இத்தனை வருஷம் சோறு போட்ட ஊர் அது. அந்த ஊருக்காக ஜெபித்துப் பார்.

பெரியம்மா, 8:44
இப்படி ஆரம்பிக்கலாம்:

‘கர்த்தாவே, என்னை இந்தப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தவர் நீர். இதின் சமாதானத்துக்காக வேண்டுகிறேன். என்னோடு வேலை இழக்கிற மலையாளிக்காகவும் நேபாளிக்காகவும் வேண்டுகிறேன். எங்கள் கணக்கை முடித்துக் கையில் கொடுக்கப்போகிற அதிகாரிக்காகவும் வேண்டுகிறேன். என்பேரில் நீர் நினைத்திருக்கிற நினைவுகள் எனக்குத் தெரியவில்லை, நீர் அறிவீர். அதை நம்ப எனக்குப் பெலன் தாரும். இந்த ஊரில் வீடு கட்டி, தோட்டம் நட்டு வாழுங்கள் என்றீரே, எனக்கு இங்கேயே ஒரு வேலை உண்டானால் தாரும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பும் வழியில் என்னோடு வாரும்.’

வேலை கேட்பதை விடவில்லை, பார். அதற்கு முன்னால் உன் ஜெபத்துக்குள் எத்தனை பேர் வந்துவிட்டார்கள்! வசனத்தை வைத்து ஜெபிப்பதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். நாமாகக் கேட்டால் திரும்பத் திரும்ப நம் கவலையைத்தான் சொல்லுவோம். நாம் கேட்க நினைக்காததையெல்லாம் வசனம் கேட்க வைக்கும்.

ஷார்ஜா தம்பி, 8:52
எங்கள் டிரைவர் ஒருவர் இருக்கிறார் பெரியம்மா, பாகிஸ்தான்காரர். அவருக்கும் இந்த மாதத்தோடு முடிகிறது. மூன்று பிள்ளைகள்.

பெரியம்மா, 8:53
அவரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்.

சாயர்புரம் அத்தை, 9:20
மைனி, அப்படியென்றால் வாக்குத்தத்த வசனத்தை நமக்கென்று எடுக்கக் கூடாதா? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த அட்டையை நிலைக்கு மேலே ஒட்டியிருக்கிறோமே.

பெரியம்மா, 9:41
தாராளமாக எடுக்கலாம். தானியேல் எடுத்தாரே! 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எரேமியா சொன்ன அதே 70 வருஷத்தைப் புஸ்தகத்தில் வாசித்துவிட்டுத்தான் ஜெபிக்க உட்காருகிறார். கர்த்தர் சொல்லிவிட்டார், தானாக நடக்கும் என்று அவர் சும்மா இருக்கவில்லை. உபவாசித்து, இரட்டு என்கிற முரட்டுத் துணியை உடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, ‘நாங்கள் பாவஞ்செய்தோம்’ என்று தன் ஜனத்தோடு தன்னையும் சேர்த்து அறிக்கையிடுகிறார். 18ஆம் வசனம் எனக்கு மிகவும் பிடிக்கும்: “நாங்கள் எங்கள் நீதிகளை அல்ல, உம்முடைய மிகுந்த இரக்கங்களையே நம்பி, எங்கள் விண்ணப்பங்களை உமக்கு முன்பாகச் செலுத்துகிறோம்.” வாக்குத்தத்தம் கையில் இருக்கிறவர் கேட்கிற விதம் அது. அட்டை நிலையில் இருக்கட்டும். அந்த வசனம் வருகிற அதிகாரம் முழுவதையும் குடும்ப ஜெபத்தில் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

நான், 9:50
ஆண்டவரும் சிலுவையில் சங்கீதத்தைத்தானே ஜெபித்தார் பெரியம்மா? 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். அப்புறம் 31:5.

பெரியம்மா, 9:55
ஆமாம்மா. யோனா மீனின் வயிற்றுக்குள் ஜெபித்ததையும் வாசித்துப் பார், சங்கீதத்தின் வாசனை நிறைய அடிக்கும். அப்போஸ்தலர் 4இல் பேதுருவையும் யோவானையும் மிரட்டி அனுப்பியபோது சபையார் 2ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் ஜெபித்தார்கள். நெருக்கம் வந்தால் நாவில் வருவது முன்பே மனப்பாடமாக இருப்பதுதான். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்புவிக்க வைப்பது பரிசுக்காக மட்டும் இல்லை.

சாயர்புரம் மாமா, மதியம் 1:15
அக்கா, எனக்கு இப்போது 35ஆம் சங்கீதம்தான் ஓடுகிறது. “கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடி, என்னோடு யுத்தம்பண்ணுகிறவர்களோடு யுத்தம்பண்ணும்.” பக்கத்து விளைக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டதில் நம் பனைகள் ஏழு அவர் பக்கம் போய்விட்டன. கேட்டால் சர்வேயரைக் கூட்டி வா என்கிறார். இதை ஜெபிக்கலாமா, கூடாதா?

பெரியம்மா, 1:32
ஜெபி தம்பி. கோபத்தை வேலியோரத்தில் நின்று கொட்டுவதைவிடக் கர்த்தருடைய சமுகத்தில் கொட்டுவது நல்லது. தாவீதும் அதைத்தான் செய்தார். ஆனால் முதல் வசனத்தோடு நிறுத்தாதே. 13ஐ வாசி. “அவர்கள் வியாதியாயிருந்தபோது இரட்டு என் உடுப்பாயிருந்தது, நான் உபவாசத்தால் என் ஆத்துமாவை உபத்திரவப்படுத்தினேன்.” யாரோடு வழக்காடும் என்று கேட்டாரோ, அவர்களுக்காகவே ஒரு காலத்தில் உபவாசம் இருந்தவர் அவர். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சங்கீதம் முழுதாகும்.

சாயர்புரம் மாமா, 3:10
வாசித்தேன் அக்கா. அவர் வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபித்துவிட்டுத்தான் வந்தோம். இப்போது அந்த 13ஆம் வசனம் வாயில் வரவில்லை.

பெரியம்மா, 3:14
வரவில்லை என்பதையே அவரிடம் சொல். சங்கீதத்தை மட்டும் மூடிவிடாதே.

மாமா மகள், 4:45
அத்தை, நாளைக்கு வேதியியல் திருப்புதல் தேர்வு. எனக்கு ஒரு வசனம்?

பெரியம்மா, 4:50
யாக்கோபு 1:5. ஞானம் கேட்கச் சொல்லுகிற வசனம். “ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில்” என்ற இடத்தில் கொஞ்சம் நின்று ஜெபி. தெரியவில்லை என்று அவரிடம் எத்தனை தடவை போனாலும் திட்ட மாட்டார். ஜெபித்துவிட்டு உடனே புத்தகத்தைத் திற கண்ணு.

பாளை அம்மா, இரவு 7:30
அக்கா, காலையிலிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். மகனுக்காக நான் எதை வைத்து ஜெபிக்கட்டும்? நினைத்தாலே அழுகைதான் வருகிறது.

பெரியம்மா, 7:48
எபேசியர் 3, 14 முதல் 19 வரை. பவுல் காவலில் இருந்து எழுதியது. 6ஆம் அதிகாரத்தில் தனக்காக ஜெபிக்கச் சொல்லுகிறார். அங்கேகூட விலங்கு கழல வேண்டும் என்று கேட்கவில்லை. சுவிசேஷத்தைத் தைரியமாய்ச் சொல்ல வாக்கு வேண்டும் என்றுதான் கேட்கிறார். அப்படிப்பட்டவர் தன் பிள்ளைகளைப்போல நினைத்தவர்களுக்காகக் கேட்டது இது. ‘நீங்கள்’ என்று வருகிற இடத்தில் உன் மகனை வை:

‘பிதாவே, என் மகன் உம்முடைய ஆவியினாலே உள்ளான மனுஷனில் வல்லமையாய்ப் பலப்படட்டும். விசுவாசத்தினாலே கிறிஸ்து அவன் இருதயத்தில் வாசமாயிருக்கட்டும். அவன் அன்பிலே வேரூன்றி நிலைபெறட்டும்.’

சம்பளத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சம்பளம் வந்தாலும் நின்றாலும் அவனுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. ஆண்டவர் பேதுருவுக்காக ஜெபித்ததும் அப்படித்தான். சுளகில் புடைக்கிறதுபோலப் புடைக்கச் சாத்தான் உத்தரவு கேட்டிருக்கிறான் என்கிறார். புடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டதாக அங்கே இல்லை. “நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்” என்கிறார். லூக்கா 22:32. தாய்மார் நமக்கு இது கஷ்டமான ஜெபம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும். அதையும் கேள். கேட்டுவிட்டு இதையும் கேள்.

அழுகை மட்டும்தான் வருகிறது என்றால் அழு. ரோமர் 8:26 அதற்காகத்தான் இருக்கிறது. என்ன வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார்.

ஷார்ஜா தம்பி, 8:05
அம்மா, அழாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். பெரியம்மா சொன்னதும் ஆச்சி ஞாபகம் வந்தது. யார் ஊருக்குக் கிளம்பினாலும் நடைவாசலில் நிறுத்தி 121ஆம் சங்கீதம் சொல்லித்தானே அனுப்புவார்கள். செந்தூர் எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிவிட்டது என்று தாத்தா தெருவில் நின்று சத்தம் போட்டாலும், “கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும்” வரும்வரை பையைக் கையில் தர மாட்டார்கள். ‘உன்’ என்கிற இடமெல்லாம் போகிறவர் பெயர் வரும். நான் முதன்முதலில் இங்கே வந்தபோதும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

நான், 8:09
எனக்கும் கல்லூரி விடுதிக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான். பெரியம்மா, ஆச்சி இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள்?

பெரியம்மா, 8:26
அப்படியேதான் அம்மா. சாயந்தரம் முழுக்க சேலை முந்தியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்கள். விளக்குப் போட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்றேன். கை நின்றது. “நான் தாழ்ச்சியடையேன்” என்று தெளிவாகச் சொன்னார்கள். அங்கிருந்து ‘கர்த்தருடைய வீட்டிலே நீடித்த நாட்களாய் நிலைத்திருப்பேன்’ வரை நான் பாதி, அவர்கள் பாதி. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, ‘நீ யாரு தாயி, நல்லா ஜெபம் பண்ணுதியே’ என்று கேட்டார்கள்.

தினமும் அவர்களுக்காக 71ஆம் சங்கீதத்தை ஜெபிக்கிறேன். “முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்.” இதில் மட்டும் ‘என்னை’ என்பதை மாற்றுவதில்லை. அவர்களால் இப்போது தனக்காகக் கேட்க முடியவில்லை; அவர்கள் வாயாக நான் கேட்கிறேன்.

பாளை அம்மா, 8:31
சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன் அக்கா. இரண்டு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள்.

சாயர்புரம் மாமா, 8:40
சுகம் கேட்டு நாம் ஜெபித்ததற்குப் பதில் வரவில்லையே என்று எனக்கு ரொம்ப வருத்தம் அக்கா. ஆனால் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள்வேன். 1931இல் விழுந்து அடிபட்டவர்கள், 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அந்த அறையிலிருந்தே எழுதினார்கள், அத்தனை பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தார்கள்.

பெரியம்மா, 8:47
ஆமாம் தம்பி. நம் பனங்காட்டுக்காரர்களுக்கு 92ஆம் சங்கீதமும் உண்டு. “நீதிமான் பனையைப்போல் செழித்து.” அதற்கு இரண்டு வசனம் தள்ளி, முதிர்வயதிலும் கனிதருவார்கள் என்று இருக்கிறது. ஆச்சி சொல்லிக்கொடுத்த 121ஐ இவன் ஷார்ஜாவில் உட்கார்ந்து ஞாபகம் வைத்திருக்கிறானே. அது கனி இல்லையா?

ஞாயிறு ராத்திரி 8:30க்கு எல்லோரும் போனில் சேருங்கள். ஷார்ஜாவில் 7 மணி, அவனுக்கும் தோதுதான். எபேசியர் 3, 14 முதல் 19. ஆளுக்கு ஒரு வசனம் வாசித்து, அந்த வசனத்தை வைத்தே அடுத்தவருக்காக ஜெபிக்க வேண்டும். நீளமாக வேண்டாம். பரீட்சைப் பிள்ளையும் இருக்கட்டும், பத்து நிமிஷம்தான்.

சாயர்புரம் மாமா, 8:50
எனக்கு எந்த வசனம் அக்கா?

பெரியம்மா, 8:51
17. ‘அன்பிலே வேரூன்றி’.

சாயர்புரம் மாமா, 8:58
சரி அக்கா. சர்வேயர் திங்கட்கிழமைதான் வருகிறார். ஞாயிறு ராத்திரி வீட்டில்தான் இருப்பேன்.