குளத்தடிக் குடும்பம் (குழு): ஆறு இலக்கம் கேட்டு வந்த செய்தி

வட்டக்கச்சி மாமி, 7:08
பிள்ளையள், கோயில் குறூப்பில இருக்கிற ஒராளின்ர நம்பரில இருந்து இப்ப வந்தது: "பிழையா உங்கட போனுக்கு 6 இலக்கம் ஒண்டு வந்திட்டுது, கெதியா அனுப்பிவிடுங்கோ." எனக்கு எஸ்.எம்.எஸ் வந்துதான் கிடக்கு. அனுப்பட்டோ?

பரந்தன் அண்ணை, 7:09
அனுப்பாதேங்கோ மாமி

பரந்தன் அண்ணை, 7:09
ஒருத்தருக்கும். எனக்கும் வேண்டாம்.

பரந்தன் அண்ணை, 7:13
அது உங்கட வட்ஸ்அப்பை இன்னொரு போனில திறக்கிறதுக்கான இலக்கம். கோயில் ஆளின்ர வட்ஸ்அப் ஏற்கெனவே பறிபோயிருக்கும், அவற்ற பேரில கதைக்கிறது வேற ஆள். அவரோட குறூப்பில இருக்கிற எல்லாருக்கும் இதே செய்தி போயிருக்கும். வட்ஸ்அப்பில சொல்லாதேங்கோ, களவெடுத்தவன்தான் அதை வாசிப்பான். சாதாரண கோல் எடுத்து அவருக்குச் சொல்லுங்கோ.

வட்டக்கச்சி மாமி, 7:14
ஐயோ, தேவாரம் போடுற மனுசன். சரி எடுக்கிறன்

முள்ளியவளை மச்சாள், 7:16
அம்மா, கோல் முடிஞ்சதும் வட்ஸ்அப்புக்கு ஒரு பின் நம்பர் போடுங்கோ. அத்தான், அம்மாவுக்கு விளங்கிற மாதிரி ஒருக்கா எழுதிவிடுங்கோ.

பரந்தன் அண்ணை, 7:21
வட்ஸ்அப் செற்றிங்ஸ், அதுக்குள்ள அக்கவுண்ட், அதுக்குள்ள டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். டேர்ன் ஒன் எண்டதை அமத்த 6 இலக்கப் பின் கேக்கும். இது நீங்களே தெரிவு செய்யிற இலக்கம், எஸ்.எம்.எஸ்ஸில வாறது இல்லை. அடுத்ததா ஈமெயில் கேக்கும். கனபேர் அதை ஸ்கிப் பண்ணிவிடுகினம். பின்னை மறந்த அண்டைக்கு ஈமெயில் இல்லாட்டி 7 நாள் வெளியில நிக்கோணும். உங்களிட்ட ஈமெயில் இல்லையெண்டா மகளின்ரயைப் போடுங்கோ. பிறந்த வருசம் வேண்டாம், போன் கவருக்குள்ள எழுதி வைக்கிறதும் வேண்டாம். ஐடென்டிக் (அடையாள அட்டை) கொப்பியும் அந்தக் கவருக்குள்ளதானே கிடக்கும்.

வட்டக்கச்சி மாமி, 7:30
அவருக்குச் சொல்லிப்போட்டன். அவர் காலமையே இலக்கத்தைக் குடுத்திட்டாராம். இப்ப என்ன செய்யிறது எண்டு கேக்கிறார்

பரந்தன் அண்ணை, 7:36
தன்ர போனில வட்ஸ்அப்பைத் திறந்து தன்ர நம்பரைத் திருப்பி அடிக்கச் சொல்லுங்கோ. புதுசா ஒரு 6 இலக்கம் எஸ்.எம்.எஸ்ஸில வரும். அதைப் போட்ட உடன மற்றவன் வெளியில விழுந்திடுவான். அதுக்குப் பிறகு இவர் போடாத ஒரு பின்னைக் கேட்டா, அவன் தன்ர பின்னைப் போட்டுப் பூட்டியிருக்கிறான் எண்டு அர்த்தம். அப்பிடியெண்டா 7 நாள் பொறுக்கோணும். ஆனா பயப்பிடத் தேவையில்லை, எஸ்.எம்.எஸ் இலக்கத்தைப் போட்ட அந்த நிமிசமே அவனும் வெளியிலதான். இலக்கம் வரேல்ல எண்டு திரும்பத் திரும்ப அமத்தக்கூடாது. ஒவ்வொரு தரமும் காத்திருக்கிற நேரம் கூடிக்கொண்டு போகும்.

வவுனியா அக்கா, 7:41
அண்ணை, இதைவிட மோசமான வழி ஒண்டு இருக்கு, அதையும் சொல்லுங்கோ. லிங்க்ட் டிவைசஸ், உங்கட வட்ஸ்அப்பை இன்னொரு கருவியிலயும் இணைச்சுப் பாக்கிறது. இதில நம்பர் பறிபோகாது, உங்கட வட்ஸ்அப் வழமை மாதிரி வேலை செய்யும், ஒண்டும் தெரியாது. அவன் தன்ர கொம்பியூட்டரில இருந்து எல்லாத்தையும் வாசிச்சுக்கொண்டிருப்பான். முதல் வழியில பழைய செய்திகள் அவனுக்குக் கிடைக்காது. இதில அண்மையில கதைச்சதும் சேர்ந்து போகும்.

சுவிஸ் சித்தப்பா, 7:44
அதுக்கு என்ர போனைக் கையில எடுத்து அந்தக் கட்டம் கட்டமான படத்தை ஸ்கான் பண்ணவேணுமே?

வவுனியா அக்கா, 7:47
தேவையில்லை சித்தப்பா. நம்பரைக் குடுத்தும் இணைக்கலாம். அவன் உங்கட நம்பரைத் தன்ர பக்கத்தில அடிக்க, எழுத்தும் இலக்கமும் கலந்த 8 எழுத்து அவனுக்கு வரும். "போட்டியில வாக்குப் போட இந்தக் குறியீட்டை அடியுங்கோ" எண்டு அதை உங்களுக்கு அனுப்புவான். உங்கட போனிலயும் அந்த நேரம் ஒரு அறிவித்தல் எழும்பும். நீங்கள் அடிச்சா முடிஞ்சுது.

பரந்தன் அண்ணை, 7:48
வாற இலக்கத்தைக் குடுக்காதேங்கோ, தாற இலக்கத்தைப் போடாதேங்கோ. ரெண்டும் தனித்தனிக் களவு.

வவுனியா அக்கா, 7:50
எல்லாரும் இப்பவே பாருங்கோ: அண்ட்ரொய்டில மேல இருக்கிற மூண்டு புள்ளி, ஐபோனில செற்றிங்ஸ், அதுக்குள்ள லிங்க்ட் டிவைசஸ். 4 வரைக்கும் இணைக்கலாம். தெரியாத குரோம், தெரியாத விண்டோஸ் கிடந்தா அதை அமத்தி லொக் அவுட். ரியூசனுக்கு பிரின்ட் எடுக்கக் கொமினிகேசனில வட்ஸ்அப் திறந்த பிள்ளையளின்ர பட்டியலில அந்தக் கடைக் கொம்பியூட்டர் இன்னும் கிடக்கும்.

முள்ளியவளை மச்சாள், 7:52
கிடக்கு 🤦 எடுத்தாச்சு

பரந்தன் அண்ணை, 8:01
இதெல்லாத்துக்கும் வேர் சிம். நம்பர் ஆற்ற கையில இருக்கோ, வட்ஸ்அப், கூகிள், பேஸ்புக், வங்கி எல்லாம் அவற்ற கையில. எங்கட பக்கம் பாதிப் பேரின்ர சிம் வேற ஆற்றயோ பேரில கிடக்கு. மருமகன் எடுத்தது, கடைக்காரன் தந்தது. துலைஞ்சா மாற்றுச் சிம் எடுக்கப் பேருக்குரியவரின்ர ஐடென்டி கேப்பினம். அவர் வெளிநாடு போயிருந்தா நம்பரும் போச்சு, அதோட சேந்த எல்லாம் போச்சு. நிறுவனத்தின்ர கிளைக்குப் போய் ரெண்டுபேரும் நிண்டு பேரை மாத்துங்கோ. ரீலோட் போடாமல் விட்ட பழைய நம்பர் கொஞ்சக் காலத்தில வேற ஆளுக்குப் போகும். வங்கியில அந்தப் பழைய நம்பர் கிடந்தா முதல் அதை மாத்துங்கோ.

பரந்தன் அண்ணை, 8:04
சிம்முக்கும் ஒரு பூட்டு இருக்கு. செற்றிங்ஸில செக்கியூரிற்றிக்குள்ள சிம் லொக் எண்டு கிடக்கும். களவு போன போனில இருந்து சிம்மைக் கழட்டி வேற போனில போட்டாலும் பின் கேக்கும். பழைய பின் சிம் வந்த அட்டையில இருக்கும், அதைத் தெரியாமல் குத்துமதிப்பா அடிக்காதேங்கோ. 3 தரம் பிழைச்சா பூட்டுத் திறக்கிற பி.யு.கே இலக்கம் கேக்கும், அது 10 தரம் பிழைச்சா சிம் செத்துப்போகும்.

சுவிஸ் சித்தப்பா, 8:06
ஆரோ சொல்லி ஏதோ நட்சத்திரக் குறி போட்ட நம்பரை அடிச்சா கோல் எல்லாம் அவங்களுக்குப் போகுமாம், உண்மையோ?

பரந்தன் அண்ணை, 8:08
உண்மை. கோலைத் திருப்பிவிட்டு, வட்ஸ்அப் இலக்கத்தைக் கோலில வாசிக்க விட்டுக் கேட்டிடுவாங்கள். *#21# அடிச்சா திருப்பிவிட்டிருக்கோ எண்டு காட்டும். ##002# அடிச்சா எல்லாத் திருப்பலும் நிண்டிடும்.

வவுனியா அக்கா, 8:15
காசு விசயம் சொல்லுறன். ஓடிபி, அதான் வங்கி அனுப்பிற ஒருதர இலக்கம், வந்தா இலக்கத்தை மட்டும் பாக்கிறம், எதுக்கு எண்டு எழுதியிருக்கிறதை ஒருத்தரும் வாசிக்கிறேல்ல. உங்கட கணக்கை இன்னொரு அப்பில இணைக்கிறதுக்கும் ஓடிபிதான் வரும். அதை ஒருக்காக் குடுத்தா பிறகு ஒவ்வொரு தரமும் கேளாமலே எடுப்பாங்கள். காசு போட்டுத் தாறவனுக்குக் கணக்கு நம்பர் காணும், ஓடிபி ஏன்?

வவுனியா அக்கா, 8:19
"பொதி வந்திருக்கு, முகவரி பிழை, சின்னக் கட்டணம் கட்டுங்கோ", "அஸ்வெசும உதவிப்பணத்துக்குப் பதிய இதை அமத்துங்கோ" எண்டு வாற லிங்கில முதல் சரிவுக்கோட்டைக் கண்டுபிடியுங்கோ. வழமையா வாற ரெட்டைக் கோட்டை விட்டிட்டு அடுத்தது. அதுக்கு முன்னால கடைசியா நிக்கிற பேரும், அதோட ஒட்டின டொட் கொம், டொட் எல்கே மாதிரி வாலும் சேந்ததுதான் வீட்டுக்காரன். அதுக்கு இடப்பக்கம் கிடக்கிறதெல்லாம் படலையில எழுதின பேர், ஆரும் என்னவும் எழுதலாம். அரசாங்க இணையம் எண்டா கவ் டொட் எல்கே (gov.lk) எண்டு அந்த இடத்தில முடியோணும். நடுவில எல்கே கிடந்து கடைசியில வேற ஏதும் நிண்டா அது களவு. அஸ்வெசுமக்குச் சந்தேகம் எண்டா 1924க்கு அடியுங்கோ, இல்லாட்டி ஜி.எஸ்ஸிட்ட (கிராம சேவகர்) கேளுங்கோ.

சுவிஸ் சித்தப்பா, 8:22
இப்ப குரலையும் அச்சொட்டாச் செய்யிறாங்கள். நான் அழுதுகொண்டு காசு கேட்டாலும் நம்பாதேங்கோ. ஒரு கேள்வி வைப்பம், அப்பாவின்ர வெள்ளைப் பசுவுக்கு என்ன பேர் எண்டு

வட்டக்கச்சி மாமி, 8:23
எனக்குத் தெரியும் தம்பி

வவுனியா அக்கா, 8:23
மாமி எழுதாதேங்கோ!! சித்தப்பா, இப்ப அந்தக் கேள்வி பழுதாப் போச்சு. வேற ஒண்டை யோசிச்சு ஒவ்வொரு வீட்டுக்கும் கோலில சொல்லுங்கோ. எதுக்கும் கோலை வைச்சிட்டு, பழைய நம்பருக்கு நாங்களே திருப்பி எடுக்கிறதுதான் முதல் வேலை.

முள்ளியவளை மச்சாள், 8:34
பிள்ளையளின்ர பக்கம் நான் எழுதிறன். சொந்தப் போன் இருக்கிற பிள்ளை எண்டா ஃபமிலி லிங்க், பிள்ளையின்ர போனைப் பெற்றோர் கட்டுப்படுத்திற கூகிள் அப். பிள்ளையின்ர உண்மையான வயசோட தனிக் கூகிள் கணக்கு வேணும். வயசைக் கூட்டிப் போட்டுத் திறந்தா அது பெரியாக்களின்ர கணக்கு, பூட்டு சரியா விழாது. அதில அப் இறக்க என்ர அனுமதி, இரவு நிப்பாட்டுற நேரம், ஒவ்வொரு அப்புக்கும் எத்தினை நிமிசம் எல்லாம் போடலாம்.
ஆனா எங்கட வீடுகளில பிள்ளை பாவிக்கிறது அம்மாவின்ர போன். அதில ஃபமிலி லிங்க் வேலைக்கு ஆகாது. அதுக்கு மூண்டு வேலை: பிளே ஸ்டோரில ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்ட் கேக்க வைக்கிறது, சின்னனுக்கு யூடியூப் கிட்ஸ், பேந்து அப் பின்னிங், அதாவது திரையில ஒரு அப்பை மட்டும் பூட்டி வைக்கிறது. செக்கியூரிற்றிக்குள்ள அதை ஒன் பண்ணி, கழட்ட பின் கேக்க வையுங்கோ. சூம் வகுப்பைத் திறந்து பின் பண்ணிக் குடுத்தா பிள்ளை வட்ஸ்அப்புக்கோ வங்கி அப்புக்கோ தாவேலாது.

பரந்தன் அண்ணை, 8:37
ஃப்ரீ ஃபயர்?

முள்ளியவளை மச்சாள், 8:40
விளையாட்டை விட அதின்ர சற்றிங்கும் மைக்கும்தான் பிரச்சினை. "டயமண்ட் தாறன், பேஸ்புக் பாஸ்வேர்ட் தா" எண்டு கேப்பாங்கள். அதைவிடப் பொல்லாதது, பழகிப் படம் வாங்கிப்போட்டு மிரட்டுறது. அப்ப காசு குடுக்கக்கூடாது, குடுத்தா இன்னும் கேப்பாங்கள். செய்தியளை அழிக்கக்கூடாது, நம்பரும் நேரமும் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கோணும். 18க்குக் குறைஞ்ச பிள்ளை எண்டா 1929, பெண்களுக்கு 1938, கணக்கு பறிபோனதுக்கு இலங்கையின்ர கணினிப் பாதுகாப்பு அமைப்பான சேர்ட் 101. படம் அனுப்பினது பெடியனோ பெட்டையோ, போனைப் பறிப்பம் எண்டு வெருட்டி வைச்சிருந்தா பிள்ளை சொல்லாது. அதாலதான் கனக்கக் கேஸ் முத்திப்போய் வருது.

வட்டக்கச்சி மாமி, 8:43
உண்மைதான். இஞ்ச ரவுட்டருக்கு என்ன செய்யிறது? பக்கத்து வீட்டுப் பெடியளும் அதிலதான்

பரந்தன் அண்ணை, 8:55
4ஜி ரவுட்டருக்குக் கீழ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில 192.168 எண்டு தொடங்கிற முகவரி, அனேகமா 192.168.1.1 அல்லது 192.168.8.1. வைஃபையில நிண்டுகொண்டு அதை பிறவுசரில அடியுங்கோ. உள்ள போற பாஸ்வேர்ட் வேற, வைஃபை பாஸ்வேர்ட் வேற. ரெண்டையும் மாத்துங்கோ. வைஃபைக்கு 12 எழுத்துக்கு மேல, பாதுகாப்பு வகைக்கு டபிள்யூ.பி.ஏ 2 அல்லது 3, பட்டனை அமத்தி இணைக்கிற டபிள்யூ.பி.எஸ் ஓஃப். கெஸ்ட் வைஃபை இருந்தா பக்கத்து வீட்டுக்கும் ரிவிக்கும் அதைக் குடுங்கோ.
டிஎன்எஸ், அதான் தளத்தின்ர பேரைக் கேட்டு முகவரி சொல்லுற சேவை, போடுற இடம் இருந்தா முதலாவதுக்கு 1.1.1.3, ரெண்டாவதுக்கு 1.0.0.3. ஆபாசத் தளமும் வைரஸ் தளமும் திறக்காது. சில 4ஜி ரவுட்டரில அந்த இடமே வைக்கேல்ல. அப்ப ஒவ்வொரு அண்ட்ரொய்ட் போனிலயும் பிரைவேற் டிஎன்எஸ்ஸில போடோணும். சொல்லப்போனா அதுதான் நல்லது, பிள்ளை வைஃபையை நிப்பாட்டி டேட்டாவுக்குப் போனாலும் பூட்டு கூடவே போகும். அடிக்கிற பேரை நான் எழுத்துக்கூட்டினா பிழைக்கும், கீழ போடுற படத்தில பாருங்கோ.

பரந்தன் அண்ணை, 8:56
📷 படம்

பரந்தன் அண்ணை, 8:59
ரெண்டு விசயம். யூடியூப், டிக்டொக்குக்கு உள்ள என்ன ஓடுது எண்டு டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. மற்றது வி.பி.என், தடையைச் சுத்திப் போற அப். 2019இலயும் 2022 ஏப்ரலிலயும் பேஸ்புக், வட்ஸ்அப் முடக்கினநேரம் எல்லாரும் இறக்கினது, இன்னும் கனபேரின்ர போனில கிடக்கு. அது ஓடினா இந்தப் பூட்டெல்லாம் சும்மா. அழியுங்கோ.

வட்டக்கச்சி மாமி, 9:06
📷 படம்
ஸ்டிக்கர் இதுதானே தம்பி? எழுத்து மங்கிப்போச்சு

பரந்தன் அண்ணை, 9:06
மாமி அதில வைஃபை பாஸ்வேர்ட் கிடக்கு, இதில 43 பேர் இருக்கினம்

வட்டக்கச்சி மாமி, 9:08
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பரந்தன் அண்ணை, 9:11
பாத்தவை பாத்தாச்சு, எப்பிடியும் மாத்தத்தானே போறம். ரீசெற் ஓட்டையில ஊசி குத்தாதேங்கோ, சிம்மை நெட்டோட இணைக்கிற ஏபிஎன் அமைப்பு அழிஞ்சா நெட்டே வராது. முதல் அந்த ஏபிஎன் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்கோ. குறூப்பில இல்லை.