மறுமொழி: கலைச்சொல் வேண்டும் – ‘ஃபிப்த் வீல்’, ‘பின் வெயிட்’, ‘கேஸ் டிரக்’

அனைவருக்கும் வணக்கம். பிக்கப் வண்டியால் வீட்டு டிரெய்லர் இழுப்பது பற்றிய நம் கலைச்சொல் பட்டியலுக்கு ‘ஃபிப்த் வீல்’ (டிரெய்லரைப் பூட்டும் தட்டு), ‘பின் வெயிட்’ (அதன் மேல் இறங்கும் எடை), ‘கேஸ் டிரக்’ மூன்றுக்கும் தமிழ் தேடும் இழை நீண்டுவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

> கேஸ் டிரக் என்பதை ‘எரிவாயுச் சரக்குந்து’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

இல்லை அக்கா, அதை மாற்றிவிடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் கேஸ் என்றால் பெட்ரோல். நம் ஆட்களுக்கு கேஸ் என்றதும் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். எரிவாயு என்று எழுதினால் வண்டி சிஎன்ஜியில் ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘பெட்ரோல் பிக்கப்’ போதும். இலங்கை வாசகர்களுக்கு ‘பெற்றோல்’. அங்கே செய்தித்தாள்களில் ‘கெப் ரக வாகனம்’ என்று வரும், தமிழ்நாட்டில் பிக்கப் என்றாலே எல்லோருக்கும் தெரியும். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

> ஐந்தாம் சக்கரம் என்று நேராகப் பெயர்த்தால் என்ன? கிங்பின்னுக்குத்தான் நம்மிடம் அச்சாணி இருக்கிறதே.

ஐயா, ஐந்தாம் சக்கரம் என்றால் நம்மூரில் ஸ்டெப்னி. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. நாலு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, அதன் மேல் படுக்கைவாட்டில் ஒரு வட்ட இரும்பை வைத்தார்கள். தரையைத் தொடாத அந்த வட்டம் ஐந்தாவது சக்கரம் ஆனது. குதிரை வண்டி போய் லாரி வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அது சக்கரமே இல்லை. பிக்கப்பின் தொட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ பொருத்திய, பின்பக்கம் வாய் பிளந்த தட்டு.

அச்சாணி என்பது சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் நுனியில் செருகுவது. வள்ளுவர் சொன்னதும் அதைத்தான். கிங்பின்னின் வேலை வேறு. டிரெய்லரின் மூக்கடியில் கீழ்நோக்கித் தொங்கும் இரண்டு அங்குலக் கனமுள்ள எஃகு முளை அது. தட்டின் வாயில் நுழைந்து, தாடைகளுக்குள் மாட்டி, அங்கேயே திரும்பும். பழைய வீட்டுக் கதவுகளில் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, குழியில் உட்கார்ந்து சுழலும். வேலையைப் பார்த்தால் கிங்பின்னும் குடுமிதான். அதனால் கிங்பின்னுக்குக் ‘குடுமி’, அதைக் கவ்வும் தட்டுக்குக் ‘குடுமிப்பிடி’ என்று முன்மொழிகிறேன். குடுமிப்பிடி என்றதும் சண்டை நினைவுக்கு வரும், தெரியும். ஆனால் பிடித்தால் விடாத பிடி என்ற பொருள் கேட்ட மாத்திரத்தில் மனதில் ஏறிவிடும். அதுதான் நமக்கு வேண்டியது.

கனடாவின் கால்கரியில் என் மச்சான் வண்டி பூட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிக்கப்பை அங்குலம் அங்குலமாகப் பின்னால் கொண்டுவருவார். குடுமி தட்டின் வாய்க்குள் போனதும் ‘டணார்’ என்று தாடை மூடும். அதோடு நம்பிவிட மாட்டார். இறங்கிப் போய் டார்ச் அடித்து, தாடை முழுக்கச் சுற்றியிருக்கிறதா, தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு டிரெய்லரின் கால்களைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, அதன் பிரேக்கை மட்டும் பிடித்து, பிக்கப்பை முன்னால் லேசாக இழுத்துப் பார்ப்பார். தாடை சரியாகப் பூட்டாமல் கிளம்பினால் முதல் மேட்டிலேயே டிரெய்லர் நழுவித் தொட்டியின் விளிம்பில் விழும். இந்த வேலைக்கு ‘இணைத்தல்’, ‘துண்டித்தல்’ என்றெல்லாம் பட்டியலில் இருக்கிறது. மாட்டு வண்டிக்காரர் வாயில் புழங்கிய ‘பூட்டு’, ‘அவிழ்’ இருக்க அவை எதற்கு?

> எதற்கு இவ்வளவு பாடு? ‘பின் வெயிட்’ என்று ஒலிபெயர்த்தால் முடிந்தது.

தம்பி, இந்த மடலையே நான் எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். இதில் வரும் ‘பின்’ கிங்பின்னின் ‘பின்’. ஆனால் ‘பின் வெயிட்’ என்பதைத் தமிழில் படிப்பவர் என்ன நினைப்பார்? பின்பக்கத்து எடை என்றுதானே? உண்மையில் அது டிரெய்லரின் முன்பக்கம் பிக்கப்பின் மேல் அழுத்தும் எடை. நேர் எதிர்ப்பொருள் வந்துவிடுகிறது. உயிர் சம்பந்தப்பட்ட கணக்கில் இப்படி ஒரு சொல்லை விட்டுவைக்கக் கூடாது.

இதற்குச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: முன்பாரம். மாட்டு வண்டியில் மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம், நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அடுக்கினால் பின்பாரம், நுகம் மேலே தூக்கும். டிரெய்லருக்கும் அப்படியே பொருந்துகிறது. பம்பருக்குப் பின்னால் பந்துக் கொக்கியில் மாட்டும் டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரம் வேண்டும். குறைந்து பின்பாரமானால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். குடுமிப்பிடி டிரெய்லரில் முன்பாரம் 15 முதல் 25 சதவீதம் வரை போகும். அது நேராகப் பின் அச்சில் இறங்குவதால் ஓட்டம் நிதானமாக இருக்கும். ஆனால் அத்தனை எடையையும் பிக்கப் சுமந்தாக வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுதிறன், அதாவது பிக்கப் எவ்வளவு எடையை இழுக்கும் என்பது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சின்ன வில்லையில் இருப்பது தாங்குதிறன், அதாவது தன் மேல் எவ்வளவு எடையைச் சுமக்கும் என்பது. ஒரு பெட்ரோல் பிக்கப்பின் இழுதிறன் 6,500 கிலோ, தாங்குதிறன் 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் சாமான்களோடு 6,000 கிலோ. இழுதிறனுக்குள்தான் இருக்கிறது. முன்பாரம் 20 சதவீதம் என்றால் 1,200 கிலோ. குடுமிப்பிடியே 80 கிலோ. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஒரு நாய் என்று 250 கிலோ. கூட்டினால் 1,530. தொட்டியில் ஒரு விறகுக் கட்டைகூட வைக்காமலே தாங்குதிறன் தாண்டிவிட்டது. ஆகவே ‘இழுதிறன்’, ‘தாங்குதிறன்’ இரண்டும் எப்போதும் ஜோடியாகவே வர வேண்டும் என்பது என் கோரிக்கை. இப்போது பட்டியலில் இரண்டுக்கும் ‘சுமைத்திறன்’ என்று ஒரே சொல் போட்டிருப்பது ஆபத்து.

இன்னொன்று. டீசல் என்றால் எதையும் தாங்கும் என்று இழையில் ஒருவர் எழுதியிருந்தார். ஒரே ரக பிக்கப்பில் டீசல் இஞ்சின் இருநூறு கிலோவுக்கு மேல் கூடுதல் கனம். அந்தக் கனம் தாங்குதிறனில்தான் கழியும். பெட்ரோல் பிக்கப் சுமப்பதில் பல நேரம் முந்திக்கொள்வது இதனால்தான். தோற்பது ஏற்றத்தில். 2020இல் வந்த ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் இஞ்சினின் முறுக்குவிசை 475 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றில். அதே ஆண்டின் 6.7 லிட்டர் டீசலுக்கு 1,600 சுற்றிலேயே 1,050. அந்தப் பெட்ரோல் இஞ்சினைப் போல டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இஞ்சின் ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் திறனை இழக்கும். கொலராடோவில் 11,000 அடியைத் தாண்டி நிற்கும் ஐசன்ஹவர் சுரங்கப்பாதையை எட்டும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். இஞ்சின் அலறிக்கொண்டு ஏறும், மெதுவாகப் போகிறவர்களுக்கான வலப்பக்கத் தடத்தில் லாரிகளோடு லாரியாகப் போக வேண்டும். அதில் தப்பில்லை, அந்த இஞ்சின் அப்படி ஓடுவதற்கென்றே கட்டப்பட்டது. இறக்கத்தில்தான் அதிக கவனம் வேண்டும்: டீசலில் இருக்கும் புகைபோக்கிப் பிரேக் (எக்ஸாஸ்ட் பிரேக்) இதில் கிடையாது, கியரைக் குறைத்துத்தான் வேகத்தைப் பிடிக்க வேண்டும். இதற்கு ‘கியர்ப் பிடிப்பு’ என்று போடலாம். ‘உந்துபொறித் தடுப்பு’ என்றால் ஓட்டுகிறவர்களுக்குப் புரியாது.

டிரெய்லருக்கு மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ‘இழுவூர்தி’ என்றால் இழுப்பதா, இழுக்கப்படுவதா என்ற குழப்பம் வருகிறது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் டிராக்டருக்குப் பின்னால் வருவதைப் ‘பெட்டி’ என்பார்கள். சமையலறை, படுக்கையறையோடு வரும் இந்த வீட்டு டிரெய்லருக்கு ‘வீட்டுப்பெட்டி’ ஒத்துவருமா? தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்களில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களைத் தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால், குடுமியையும் தட்டையும் அவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் என் குடுமிப்பிடியை எடுத்துவிட்டு அதையே பட்டியலில் ஏற்றுவோம். முன்பாரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.