அப்பாவோட 407, கேபின் தரை துரு: பட்டறை அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன்களே. தூத்துக்குடியில அப்பா ஓட்டின 1994 மாடல் டாடா 407 லாரி. ஓடின காலம் பூரா உப்பு லோடுதான். அவர் போனபிறகு விற்க மனசு வரல, திரும்ப ரோட்டுல ஓடணும்.

கேபின் ரப்பர் மேட்டைத் தூக்கினா, அடியில சாக்கு ஊறிக் கிடக்கு. டிரைவர் கால் வைக்கிற இடத்துல ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தகரமே இல்ல, ரோடு தெரியுது. முன்கண்ணாடி ரப்பர் வழியா மழைத்தண்ணி இறங்கியிருக்கு, அதை மாத்திட்டேன். கிரைண்டர்ல கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ஸ்க்ரூடிரைவரால குத்திப் பார்த்தேன். கிளட்ச் பெடல் பக்கமும் உள்ளே போகுது.

பக்கத்துப் பட்டறைக்காரர் ஃபைபர் ஒட்டி பட்டி பூசிடலாம்ங்கறார். துருவை உள்ளே வச்சு மூடுறது எனக்கு ஒப்பல. நல்ல தகரம் வரைக்கும் வெட்டி, 18 கேஜ் (தடிமன்) தகடு வெல்டு வைக்கலாம்னு இருக்கேன். சூட்டுல தகடு நெளியாம இருக்க எப்படி வைக்கணும்?

குழிவிழுந்த இடத்துக்கு துருவுக்கான பாஸ்பாரிக் அமிலம் தடவினபிறகு, அடிப்பூச்சா எபாக்சி பிரைமர் அடிக்கணுமா, ரெட் ஆக்சைடே போதுமா? முக்கியமா, கை போகாத மடிப்புக்குள்ள இருக்கிற உப்பை எப்படி எடுத்தீங்க?