பி பிளாக் மாடித்தோட்டம் குழு: அழகு மிளகாய்

கவிதா 3-ஏ: சார், பிளாக் பேர்ல் மிளகாய்ச் செடி கொழுந்தெல்லாம் சுருண்டுபோச்சு. பூவும் கொட்டுது. படம் பாருங்க 👆

முருகேசன் சார்: தூரத்துல எடுத்திருக்கீங்கம்மா. இலை ஓரம் மேல் பக்கமா படகு மாதிரி மடங்குதா, கீழ் பக்கமா கவிழுதா?

கவிதா 3-ஏ: மேல் பக்கம் சார்

முருகேசன் சார்: அப்போ இலைப்பேன். கொழுந்தை வெள்ளைத்தாள் மேல தட்டுங்க, கமா அளவுக்கு வைக்கோல் நிறப் பூச்சி ஓடும்.

சரோஜா மாமி: கீழ கவிழ்ந்து, இலை குறுகி, காம்பு எலிவால் மாதிரி நீண்டா அது மஞ்சள் சிலந்தி, கண்ணுக்கே தெரியாத பொடிப் பூச்சி. அதுக்கு நனையும் கந்தகம்னு தண்ணில கலந்து அடிக்கிற பொடி கடையில தருவா. இந்த வெயில்ல தொடாதீங்கோ, 32 டிகிரிக்கு மேல இலை கருகிடும். வேப்பெண்ணெய் அடிச்ச 2 வாரத்துக்குள்ளயும் கூடாது.

கவிதா 3-ஏ: இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் போதுமா?

முருகேசன் சார்: போதும், கலக்குறதுலதான் தப்பு நடக்கும். 5 மி.லி. எண்ணெய்ல கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் விட்டு முதல்ல அடிச்சுக் கலக்குங்க. பால் மாதிரி ஆனப்புறம் 1 லிட்டர் தண்ணி. எண்ணெயை நேரா தண்ணில ஊத்தினா மேல மிதக்கும், அடிச்சு முடிக்கிறப்போ வெறும் எண்ணெயா வந்து செடி வெந்துடும். சாயங்காலம் 5.30க்கு மேல, இலையோட அடிப்பக்கம் நனையணும். 5 நாளுக்கு ஒருமுறை, 3 தடவை. முட்டை இலைச் சதைக்குள்ள இருக்கும், கூட்டுப்புழு மண்ணுல இருக்கும். ஒரு தடவைல ஒண்ணும் ஆகாது.

கவிதா 3-ஏ: பூ கொட்டுறதுக்கு உரம் வைக்கட்டுமா?

சரோஜா மாமி: வேண்டவே வேண்டாம் 🙏 பகல்ல 35 தாண்டி ராத்திரியும் புழுக்கமா இருந்தா மகரந்தம் செத்துடும், பூ நிக்காது. தழைச்சத்து போட்டா இலைதான் வரும், பேனுக்கு விருந்து.

ரஃபி 1-சி: அப்போ நிழல்வலைக்குக் கீழ வெச்சிடலாமே?

முருகேசன் சார்: நாள் பூரா நிழல்னா கறுப்பு இலை பச்சையாயிடும் தம்பி. வெயில்தான் அந்த நிறத்தையே கொடுக்குது. காலை வெயில் 5 மணி நேரம் படட்டும். 11லேருந்து 4 வரைக்கும் மட்டும் வலை.

கவிதா 3-ஏ: மதியம் தொங்கிப்போகுது, அப்போ தண்ணி விடலாமா?

முருகேசன் சார்: 2 அங்குலம் விரலை விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா விடாதீங்க, சாயங்காலம் தானா நிமிரும். ஈரத்து மேல ஈரம்னா வேர் அழுகும். உங்க தொட்டி கறுப்பு பிளாஸ்டிக், 8 அங்குலம். சூடு நேரா வேருக்குப் போகுது. 12 அங்குலத்துக்கு மாத்துங்க, வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடிங்க. ஆனா மாத்துறது பேன் அடங்கினப்புறம்.

ரஃபி 1-சி: காயைச் சமையலுக்குப் போடலாமா?

சரோஜா மாமி: நல்ல காரம். ஆனா நர்சரில அழகுச்செடிக்கு என்ன மருந்து அடிச்சாளோ, வாங்கினப்போ இருந்த காயைப் பறிச்சுப் போட்டுடுங்கோ. சாப்பிட ஆசைன்னா ஆவணில விதை போட்டு வளருங்கோ, மார்கழில காய் சிவக்கும்.

முருகேசன் சார்: கவிதாம்மா, தொட்டியை இன்னிக்கே கத்திரிச் செடி பக்கத்துலேருந்து நகர்த்துங்க. படத்துல ஒட்டி நிக்குது, பேன் அதுக்கும் தாவிடும்.