ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: இறக்கி ஊத்துறதா, மெஷின்ல மொத்தமா மாத்துறதா?

சேலம்_க்ரெட்டா: போன வாரம் மைலேஜ் பேச்சுக்கு நடுவுல ஒருத்தர் "90,000 தாண்டின ஆட்டோமேட்டிக்ல பழைய ஆயிலைத் தொட்டா கியர்பாக்ஸ் போயிடும்"னு எழுதிட்டுப் போனார். படிச்சதிலிருந்து எரிச்சலா இருக்கு. என் வண்டி 2017 டீசல், 6 கியர், 94,000 கி.மீ. ஏற்காடு ஏத்தத்துல 2-லிருந்து 3 விழும்போது ஒரு உதை இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை கியர்பாக்ஸ் அடியில இருக்கிற பிளக்கைக் கழட்டி ஆயிலை இறக்கினேன், 3.8 லிட்டர். அதே அளவு புது எஸ்பி ஃபோர் கியர் ஆயில் ஊத்தினேன். ரெண்டையும் தண்ணி பாட்டில்ல ஊத்தி வெயில்ல வச்சேன். புதுசு நன்னாரி சர்பத் மாதிரி செகப்பு. பழசுக்குப் பின்னாடி என் விரலே தெரியல. இப்போ உதை இல்ல. போயிடும்னு சொன்னவர் வந்து பதில் சொல்லட்டும்.

பட்டறை_22: 3.8 இறக்கினீங்க. மீதி எங்க தம்பி? உங்க பாக்ஸ் மொத்தம் 7 லிட்டர் சொச்சம் குடிக்கும். மிச்சம், இன்ஜின் சுத்துறதை ஆயில் வழியா கியருக்குக் கடத்துற டார்க் கன்வெர்ட்டர்லயும், ஆயிலைக் குளிர வைக்கிற கூலர் பைப்லயும் நிக்குது. கழிவு எண்ணெயில நல்ல எண்ணெயைக் கலந்துட்டு மாத்திட்டேன்னு சொல்லாதீங்க. மெஷின் போட்டாத்தான் மாத்தினதா அர்த்தம்.

க்ரிஸ்டா_நெல்லை: மெஷின் பேச்சே எடுக்காதீங்க அண்ணாச்சி. 1,30,000-ல ஒரு ஒர்க்‌ஷாப்ல ஃப்ளஷ், அதான் மெஷின்ல மொத்த ஆயிலையும் மாத்துறது, போட்டேன். ரெண்டே வாரம், ஏத்தத்துல ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வண்டி நகரல. அடியில படிஞ்சு கிடந்த அழுக்கு கிளம்பி, ஆயிலைத் திருப்பி விட்டு கியர் மாத்துற வால்வு பாடியை அடைச்சிடுச்சு. லட்சத்துக்கு மேல செலவு.

பட்டறை_22: ஃப்ளஷ் போடுறதுக்கு முன்னாடியே கிளட்ச் பிடிக்காம வழுக்கிச்சா இல்லையா? தேஞ்ச கிளட்ச் பிளேட்டுக்கு எந்த ஆயில் ஊத்தினாலும் வழுக்கத்தான் செய்யும். வழுக்க ஆரம்பிச்ச பிறகு கொண்டு வந்துட்டு மெஷின் மேல பழி போடுறது 22 வருஷமா பார்க்கிற கதை.

க்ரிஸ்டா_நெல்லை: வழுக்கல. லேசா தாமதம், அவ்வளவுதான்.

பட்டறை_22: அந்தத் தாமதம்தான் வழுக்கல்.

தொடாதே_தொடராதே: 90,000 கதை எழுதினவன் நான்தான். வண்டியோட குடுத்த புத்தகத்துலயே சாதாரண ஓட்டத்துக்குக் கியர் ஆயிலைப் பார்க்கவே வேண்டாம்னு போட்டிருக்கு. கம்பெனிக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா? பழைய ஆயில்ல கலந்திருக்கிற தூள்தான் கிளட்சுக்குப் பிடிப்புன்னு ஒரு பேச்சு இருக்கு.

சேலம்_க்ரெட்டா: அதே புத்தகத்துல அடுத்த வரியைப் படிங்க. மலை, வெயில், நெரிசல் எல்லாம் கடுமையான ஓட்டம், அதுக்கு மாத்தணும்னு போட்டிருக்கும். சேலம் வெயில் உங்களுக்குச் சாதாரணமா? கியர்பாக்ஸ் செய்யுற இசட்எஃப் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கி.மீ.க்குள்ள, இல்லேன்னா 8 வருஷத்துல மாத்தச் சொல்லுது.

தொடாதே_தொடராதே: உங்க வண்டியில இசட்எஃப் பாக்ஸா இருக்கு?

புதுசு_கோவை: ஒரு சந்தேகம். ஃப்ளஷ்னு எதைச் சொல்றீங்க? கூலர் பைப்பைக் கோத்து கியர்பாக்ஸ் பம்ப்பே பழசைத் தள்ள விடுறதா, வெளியிலிருந்து அழுத்தம் குடுத்து கிளீனர் விட்டு அடிக்கிறதா? ரெண்டும் வேற வேற ஆச்சே.

பட்டறை_22: தம்பி 3.8-க்கு இன்னும் பதில் சொல்லல.

ஏஎம்டி_மாமா: நான் 70,000-ல மாத்தினேன், ஒரு தொந்தரவும் இல்ல. எதுக்கு இவ்வளவு சண்டை?

பட்டறை_22: மாமா, உங்களுது ஏஎம்டி, உள்ள இருக்கிறது மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்ச் மிதிக்கிறது, கியர் மாத்துறது ரெண்டையும் மோட்டார் செய்யுது, அவ்வளவுதான். கன்வெர்ட்டரே கிடையாது. இதுல நீங்க வராதீங்க.

ஏஎம்டி_மாமா: ஆட்டோமேட்டிக்னு சொல்லித்தான் வித்தாங்க. போன வருஷம் நைட்ரஜன் காத்து அடிச்சா மைலேஜ் கூடும்னு எழுதினவர்தானே நீங்க? அப்பவும் இதே அதட்டல்தான்.

பட்டறை_22: அதுவும் இதுவும் ஒண்ணா? மைலேஜ்னு நான் எழுதவே இல்ல, காத்து சீக்கிரம் இறங்காதுன்னு எழுதினேன். எடுத்துக் காட்டுங்க.

சேலம்_க்ரெட்டா: கணக்கு இதுதான். ஒரு தடவை இறக்கினா பழசு 46 சதவீதம் நிக்கும். 500 கி.மீ. ஓட்டி மறுபடி இறக்கினா 21. மூணாவதுல 10-க்குள்ள. அழுக்கும் மெதுவா வெளிய வரும். அவசரம் எனக்கில்ல.

பட்டறை_22: 7 லிட்டர் வேலைக்கு 11 லிட்டர் ஆயில் வாங்குறீங்க. அப்பவும் பழசு உள்ளதான் இருக்கு.

க்ரிஸ்டா_நெல்லை: என் லட்சத்துக்கு அது எவ்வளவோ மேல்.

தொடாதே_தொடராதே: மூணு தடவை தொடுறாராம். பாக்ஸ் போனதும் இங்கேயே வந்து எழுதுங்க.

சேலம்_க்ரெட்டா: அடுத்த ஞாயிறு ரெண்டாவது தடவை இறக்குறேன். பாட்டில் கலரைப் படம் போடுறேன்.

பட்டறை_22: போடுங்க. அப்பவும் 3.8 தான் வரும். மீதி எங்க?