தண்டனைய கூட்டுனா சைபர் க்ரைம் குறையுமா?

வழிப்போக்கன்:
கிரிமினாலஜில டிடெரன்ஸ் தியரி, அதாவது தண்டனை பயம் இருந்தா குத்தம் குறையும்ங்கிற கோட்பாடு, படிச்சிட்டு இருக்கேன். மாட்டுவோம்ங்கிறது நிச்சயமா இருக்கணும், தண்டனை சீக்கிரம் வரணும், குத்தத்துக்கு ஏத்த அளவுல இருக்கணும்னு இத்தாலிய சிந்தனையாளர் பெக்காரியா 1764லயே எழுதிட்டாரு. ஆனா ஹேக்கர் வேற நாட்டுல இருக்கிற எடத்த மறைக்கிற விபிஎன் போட்டுட்டு உக்காந்திருக்கான், அவனுக்கு அஞ்சு வருஷ ஜெயில பத்தாக்குனா என்ன, இருபதாக்குனா என்ன? இந்த தியரி இங்க செல்லுபடியாகுமா?

சர்வர்காரன்:
ஜெயில் வருஷத்த கூட்டுறதுல பெருசா ஒண்ணும் நடக்காதுங்க, மாட்டவே மாட்டோம்னு நெனைக்கிறவன் சட்டத்த எடுத்து படிக்கவா போறான். நான் சர்வர் பாக்குற வேலைல இருக்கேன், யார் யார் நுழைய பாத்தாங்கன்னு பதிவாகுற லாக் ஃபைல தொறந்தா ராத்திரி முழுக்க ரூட், அட்மின், டெஸ்ட்னு மாத்தி மாத்தி லாகின் ட்ரை பண்ணிட்டே இருக்கும், அது எல்லாம் பாட், தானா ஓடுற ப்ரோகிராம், அதுக்கு ஏது பயம்? உள்ள வந்து கைப்பட டைப் பண்றவன் வேற. 2014ல கிரிமினாலஜி ஆய்வாளர் மைமன் குழுவோட ஆய்வு ஒண்ணு வந்துச்சு, ஹேக்கருங்க நுழையட்டும்னே வச்ச கம்ப்யூட்டர்கள்ல எச்சரிக்கை பேனர் காட்டிருக்காங்க. அதுக்காக உடனே யாரும் ஓடிடல, ஆனா உள்ள இருந்த நேரம் குறைஞ்சிருக்கு. எனக்கு அதுவே பெரிய விஷயமா படுது.

மழைக்குருவி:
இதையும் சேத்துக்கோங்க. காசு குடுத்தா அடுத்தவன் சைட்ட டிடாஸ் பண்ணி, அதாவது ஒரே நேரத்துல ஏகப்பட்ட ட்ராஃபிக்க அனுப்பி, கவுக்குற பூட்டர் சர்வீஸ் இருக்குல்ல, அத கூகுள்ல தேடுற பசங்களுக்கு 2017 கடைசில இருந்து சில மாசம் பிரிட்டன் நேஷனல் க்ரைம் ஏஜென்சி, இது சட்டவிரோதம்னு விளம்பரம் காட்டுச்சு. அந்த சமயத்துல மத்த நாடுகள்ல அட்டாக் ஏறிட்டே இருந்தப்போ பிரிட்டன்ல மட்டும் ஏறாம நின்னுச்சுன்னு கேம்பிரிட்ஜ் ஆளுங்க ஆராய்ஞ்சு சொன்னாங்க. நெறைய பசங்களுக்கு அது குத்தம்னே தெரியல பாருங்க. தப்பு பண்ண கை போற அந்த நிமிஷத்துல ஒருத்தர் சொல்லணும், கோர்ட்டு தீர்ப்பு எப்பவோ வந்து என்ன பிரயோஜனம்.

வழிப்போக்கன்:
சின்ன பசங்களுக்கு சரி, டேட்டாவ பூட்டிட்டு பணம் கேக்குற ரான்சம்வேர் கும்பலுக்கு?

சர்வர்காரன்:
அங்க லாபத்துல கை வைக்கணும். 2021ல அமெரிக்க எரிபொருள் குழாய் கம்பெனி கொலோனியல் பைப்லைன் அந்த மாதிரி ஒரு கும்பலுக்கு 75 பிட்காயின் குடுத்துச்சு, அதுல 63.7 பிட்காயின அமெரிக்க அரசு ஒரு மாசத்துல புடுங்கிருச்சு. ஆளு சிக்கல, ஆனா பணம் தங்கல. நம்ம பக்கம் நெட்வொர்க்ல இருந்து பிரிச்சு வச்ச ஆஃப்லைன் பேக்கப் வச்சு, அத ரீஸ்டோர் பண்ணியும் பாத்து வச்சுட்டோம்னா டேட்டாவ பூட்டி மிரட்டுறதுக்கு பணியவே வேணாம். திருடி வெளிய விட்டுருவேன்னு மிரட்டுனா மட்டும் பேக்கப் காப்பாத்தாது, அதுக்கு டேட்டாவ முதல்லயே சாவி இல்லாம படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் பண்ணி வைக்கணும்.