பழைய மரப்படகில் புது இன்ஜின்: எந்த அளவு புரொப்பல்லர் பொருந்தும்?

பாம்பன்கரை:
அனைவருக்கும் வணக்கம். பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்படும் வரை மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே ஆள் ஏற்றிய என் தாத்தாவின் தேக்குப் படகை, பலகை மாற்றி, இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து அடித்து, மறுபடியும் கடலில் இறக்கியிருக்கிறேன். நீர்மட்டத்தில் அதன் நீளம் 27 அடி. முன்பிருந்த இரட்டை சிலிண்டர் டீசல் இன்ஜின் 16 குதிரைத்திறன் கொண்டது; நிமிடத்துக்கு 1000 சுற்றில், கியர்க் குறைப்பு ஏதுமின்றி நேராகப் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சுழற்றியது. இப்போது வைத்திருப்பது 2600 சுற்றில் 30 குதிரைத்திறன் தரும் இன்ஜின். புரொப்பல்லர் மட்டும் பழையதுதான். 18 அங்குல விட்டம், 14 அங்குல பிட்ச் (ஒரு முழுச் சுற்றில் திருகு போல முன்னேற வேண்டிய தூரம்), மூன்று இதழ். முழு வேகம் கொடுத்தாலும் இன்ஜின் 1600 சுற்றைத் தாண்டுவதில்லை, புகைபோக்கியிலிருந்து கரும்புகை வருகிறது. இதழ்களின் நுனியை அறுத்து விட்டத்தில் இரண்டு அங்குலம் குறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இன்ஜின் பொருத்திய பட்டறையில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான்கு இதழ் வாங்கலாமா என்பதும் ஒரு கேள்வி.

பட்டறைக்காரன்:
அறுக்காமல் விட்டது நல்லது. நீங்கள் எழுதியதில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. புதிய கியர்பெட்டியின் தகட்டில் குறைப்பு விகிதம் என்னவென்று இருக்கிறது?

பாம்பன்கரை:
1.5:1 என்று பொறித்திருக்கிறது ஐயா.

பட்டறைக்காரன்:
அப்படியானால் கோளாறு முழுவதும் அந்தத் தகட்டிலேயே இருக்கிறது. புரொப்பல்லருக்கு இன்ஜினின் சுற்று தெரியாது, ஷாஃப்ட்டின் சுற்றுதான் தெரியும். 2600ஐ 1.5ஆல் வகுத்தால் ஷாஃப்ட் ஏறத்தாழ 1730 சுற்றில் ஓட வேண்டும். உங்கள் 18க்கு 14 அளவோ 1000 சுற்றுக்கென்று வார்த்தது. ஒரே புரொப்பல்லரை வேகமாகச் சுழற்றும்போது அது கேட்கும் திறன் சுற்றின் கனத்துக்கு ஏற்ப ஏறும்; சுற்று இரு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. 1000 சுற்றில் 16 குதிரைத்திறன் வாங்கியது 1730இல் 80க்கும் மேல் கேட்கும். உங்களிடம் இருப்பது 30தான். எனவே இன்ஜின் 1600இலேயே மூச்சு முட்டி நின்று, எரிக்க முடியாத டீசலைப் புகையாகத் தள்ளுகிறது. இப்படியே ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் வெகு சீக்கிரம் கெட்டுவிடும்.

இனி வேகத்தைப் பாருங்கள். நீரைக் கிழித்துச் செல்லும் இத்தகைய படகின் எல்லை, நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைக்கும். 27 அடிக்கு அது ஏறத்தாழ 7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். எவ்வளவு பெரிய இன்ஜின் வைத்தாலும் அதற்கு மேல் அலையைத்தான் கிளப்பும். ஷாஃப்ட் சுற்றைப் பிட்ச் அங்குலத்தால் பெருக்கி 1215ஆல் வகுத்தால் புரொப்பல்லர் நீரில் சற்றும் வழுக்காமல் முன்னேறினால் கிடைக்கும் வேகம் ‘நாட்’ கணக்கில் வரும். இவ்வகைப் படகுகளில் அதில் பாதிக்குச் சற்று குறைவாக வழுக்கலில் போய்விடும். இந்தக் கணக்கில் இப்போதைய கியர்பெட்டிக்கு 14 அங்குல விட்டமும் 9 அங்குல பிட்சும் தேவைப்படும். 18இல் இரண்டு அங்குலம் அறுத்தால் இந்த அளவுக்கு எங்கே வரும்? இதழை வளைத்துப் பிட்ச்சை ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் மாற்றலாம், ஐந்து அங்குலம் முடியாது.

நானாக இருந்தால் புரொப்பல்லரைத் தேடுவதற்கு முன் கியர்பெட்டியை 2:1ஆக மாற்றிக்கொள்வேன். ஷாஃப்ட் 1300இல் ஓடும், 16 அல்லது 17 அங்குல விட்டமும் 12 அங்குல பிட்சும் பொருந்தும். கனத்த மரப்படகை எதிர்காற்றில் தள்ளுவதற்கு, சிறியதை வேகமாகச் சுழற்றுவதைவிடப் பெரியதை நிதானமாகச் சுழற்றுவதே மேல். பழையது 18 என்பதால் இதழ் நுனிக்கும் படகின் அடிக்கும் உள்ள இடைவெளி பற்றியும் கவலை இல்லை. விட்டத்தில் 15 விழுக்காடு இடைவெளி இருந்தால் அதிர்வு குறையும்.

வடகடலோடி:
மேலே சொன்ன கணக்கோடு எனக்கு முழு உடன்பாடு. இதழ் எண்ணிக்கையில் மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். நான்கு இதழில் அதிர்வு குறையும், உண்மைதான். ஆனால் நம் வடகடல் (பாக் விரிகுடா) ஆழம் குறைந்தது. கடல்புல்லும் அறுந்து மிதக்கும் நைலான் வலையும் சுற்றிக்கொள்ளும்போது, கழுத்தளவு நீரில் மூழ்கிக் கத்தியால் அறுத்தெடுப்பவனுக்குத்தான் மூன்று இதழின் அருமை தெரியும். விட்டத்துக்கு இடம் போதாதவர்களுக்குத்தான் நான்கு இதழ் அவசியம்.

இன்னொன்று, சுழலும் திசை. படகின் பின்னால் நின்று பார்க்கையில், முன்னே செல்லும்போது ஷாஃப்ட் கடிகார முள் போலச் சுற்றினால் வலக்கைப் புரொப்பல்லர். கியர்பெட்டி மாற்றினால் திசையும் மாறலாம். மாற்றிய பிறகு பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். நான் பார்க்காமல் வாங்கி, முன் கியர் போட்டால் பின்னால் போகும் படகோடு ஒரு நாள் முழுவதும் கேலிக்கு ஆளானேன்.

வெள்ளோட்டத்தைக் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வைத்தால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடலில் செய்யுங்கள். டேங்கை நிரப்பி, வழக்கமாக ஏறும் ஆட்களையும் ஏற்றி, முழு வேகத்தில் 2600 வருகிறதா என்று பாருங்கள். வெறும் படகில் வந்தால் கணக்கில்லை.

பட்டறைக்காரன்:
பழையதை வீசிவிட வேண்டாம், ஆனால் அவசரத்துக்குக் கைவசம் வைக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மாங்கனீசு வெண்கலம் என்று விற்பதில் துத்தநாகம் நிறைய உண்டு. பல ஆண்டு உப்புநீரில் அது கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். இதழின் ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து நிறத்தைப் பாருங்கள், பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள்.

பாம்பன்கரை:
இருவருக்கும் நன்றி. 2:1 கியர்பெட்டிக்கு விலை கேட்டிருக்கிறேன். திசையைப் பார்த்துவிட்டே 17க்கு 12 சொல்வேன். இன்று காலை அரம் போட்டுப் பார்த்தேன். இரண்டு இதழ்கள் மஞ்சளாக மின்னின, மூன்றாவது இளஞ்சிவப்பாக இருந்தது. தட்டினால் அவ்விரண்டும் மணி போல ஒலிக்கின்றன, அது மட்டும் ஓட்டைச் சட்டி போலச் சத்தமிடுகிறது.